ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

ராஜாமணி வீடு இதுதானே அம்மிணி? பூட்டியிருக்கிறதே. நாலு மணிக்கு வந்துவிடுவாளா? சரி. இப்போது மூன்று பத்து. ஐம்பது நிமிடம். நான் இந்த மரத்தடியிலேயே நின்றுகொள்கிறேன். வேண்டாம், நாற்காலியெல்லாம் எதற்கு? சரி, போட்டுவிட்டீர்கள், உட்கார்கிறேன். நீங்கள் பூண்டு உரிப்பதை நிறுத்த வேண்டாம். என்னால் உங்கள் வேலை கெட வேண்டாம்.

என் பெயர் நாச்சிமுத்து. ராஜாமணி வேலை பார்த்த பவுண்டரியில்தான் நானும். அவளுக்கு எதிர் மேசை. நான்கு வருடம், இரண்டு மாதம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாளா? நீங்கள் தலையாட்டியது ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை. பரவாயில்லை.

எனக்குப் பேச வராது. நேற்றுச் சாயங்காலம் கிளம்பும்போது வாட்ச்மேனிடம் "வரேன்" என்றேன். அப்புறம் இன்றைக்கு பஸ்ஸில் "பீடம்பள்ளி ஒண்ணு" என்றேன். அப்புறம் உங்களிடம்தான். நடுவில் ஒரு சொல் கிடையாது. வீட்டில் யாரும் இல்லை. வீட்டுக்காரி போய் ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. ஒரு டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வரும். குறை என்று சொல்லவில்லை, கேட்கிறீர்களே என்று சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி.

இந்த ஊருக்கு நான் வருவது இது நான்காவது தடவை. மூன்று தடவை பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தப் பேக்கரியில் ஒரு டீ குடித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இன்றைக்கு பேக்கரி பூட்டியிருந்தது. அதனால் நடந்து வந்துவிட்டேன்.

எதற்கு வந்தேன் என்றால், வேலைக்குத் திரும்பி வரச் சொல்லத்தான். அவள் இடத்தில் இப்போது இருக்கிற பெண் காதில் இரண்டு பக்கமும் எதையோ சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நல்ல பெண்தான். ஆனால் அது ராஜாமணி அல்ல.

என்ன வேலை என்று தெரியுமா உங்களுக்கு? சொல்கிறேன், ஐம்பது நிமிடம் இருக்கிறதே.

பழைய அலுமினியத்தை உருக்கி பம்புக்கு உறுப்பு வார்ப்பது எங்கள் தொழில். ஜன்னல் சட்டம், இன்ஜின் மூடி, பிஸ்டன் என்று லாரியில் வந்து குவியும். அந்தக் குவியலில் துத்தநாகமும் கலந்து வரும். நாங்கள் ஜிங்க் என்போம். பழைய கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, இதெல்லாம் ஜிங்க். பார்க்க அலுமினியம் மாதிரியே இருக்கும். உலையில் போய்விட்டால் வார்த்த உறுப்பு விரிசல் விட்டு வெடித்துப்போகும். ராஜாமணி வேலை, குவியலில் இருந்து ஜிங்க்கைத் தள்ளிவிட்டு அலுமினியத்தை மட்டும் கூடையில் போடுவது. என் வேலை, அவள் கூடை சரியா என்று பார்ப்பது.

அதற்கு ஒரு கருவி இருக்கிறது. லேசர். பட்டறையில் எல்லாரும் துப்பாக்கி என்பார்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். மூக்கை உலோகத்தின்மேல் ஒட்டவைத்து விசையை அழுத்தினால் பொட்டென்று ஒரு பொறி. அந்த இடத்தில் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு தடம் விழும். அவ்வளவுதான். அந்தப் பொறியின் வெளிச்சத்தைக் கருவி பிரித்துப் படித்துவிடும். கொண்டுவந்து பூட்டிய இன்ஜினியர் சொன்னார்: "தீபாவளி மத்தாப்புல பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு வருதில்லைங்களா? உள்ள இருக்கற சரக்குக்குத் தகுந்த மாதிரி நிறம். அதேதான்." ஒவ்வொரு உலோகமும் வேகும்போது தன் நிறத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. திரையில் எழுத்து வரும். அலுமினியம் இத்தனை சதவீதம், சிலிக்கான் இத்தனை, ஜிங்க் இத்தனை. நான் எட்டாவது வரைதான் படித்தேன். அந்த எழுத்துகளை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. பொறி மேல்தோலைத்தான் படிக்கும். மயிரிழைக்கும் மெல்லிசான தோல். மேலே பெயிண்ட் இருந்தால் பெயிண்டைச் சொல்லும், அழுக்கு இருந்தால் அழுக்கைச் சொல்லும். அதனால் முதலில் அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் ஐந்து தடவை சுட வேண்டும். அந்த ஐந்தும் கணக்கில் சேராது, தோலை எரிக்க மட்டும். பிறகு துப்பாக்கி மூக்கில் படிந்த கரியைத் துணியால் துடைத்துவிட்டு, அதே இடத்தில் மூன்று. அந்த மூன்றுதான் கணக்கு. ஐந்து, துடைப்பு, மூன்று. கூடைக்குப் பத்துத் துண்டு. ஒரு நாளைக்கு ஆறு கூடை. நானூற்று எண்பது சுடு. ஒன்று கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

ராஜாமணிக்கு வாய் சும்மா இருக்காது, உங்களுக்கே தெரியும். வந்த புதிதில் நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது பேசிவிட்டாள். மூன்றா நான்கா என்று எனக்கு விட்டுப்போய்விட்டது. "எண்ணும்போது பேசாதே" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், நான் ஐந்து சுட்டுவிட்டு மூக்கைத் துடைக்கிறேன், சடாரென்று ஒரு வாக்கியம் சொன்னாள். நான் துப்பாக்கியை மறுபடி வைத்ததும் நிறுத்திவிட்டாள்.

அப்படியே பழகிவிட்டது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அவள் ஒரு வாக்கியம். அடுத்த துண்டு, ஐந்து சுட்டாச்சு, துடைக்கிறேன், அடுத்த வாக்கியம். ஒரு நாள் அவள் அண்ணி கதை ஓடியது.

"எங்க நங்கையா ஆடு வாங்கியிருக்குதுங்கண்ணா."

மூன்று சுடு. அடுத்த துண்டு. அரம். ஐந்து.

"வெள்ளாடு. வாங்குனதுக்கு அப்பறந்தான் தெரியுது, அதுக்குக் கண்ணு தெரியாதாமா."

மூன்று. அரம். ஐந்து.

"கண்ணுதான் தெரியாது, காது நல்லாக் கேக்குமாட்ட இருக்குதுங்கண்ணா. நங்கையா வாயத் தொறந்தா ஓடிப்போவுது."

நான் "ம்" என்பேன். சிரிப்பு வந்தால் குனிந்துகொள்வேன். ஒரு நாளைக்கு அறுபது வாக்கியம். வீடு கட்டினது, தங்கச்சி கல்யாணம், உங்களுக்கும் அவளுக்கும் குழாயடியில் நடந்த சண்டை, எல்லாம் எனக்குத் தெரியும். ஆமாம், சிவப்புக் குடம் விஷயம். அது நான்கு நாள் ஓடியது. நீங்கள் சிரிக்கிறீர்கள். அவள் அதைச் சொன்னபோது உங்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது, சொல்லவில்லை.

எனக்கு வருத்தம் ஒன்றுதான் அம்மிணி. அதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பேசினவள், போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போயிட்டு வரேங்கண்ணா" என்று ஒரு வார்த்தை. நான்கு வருடம், இரண்டு மாதம். எதிரில் கிடந்த நாய்க்குட்டியிடம்கூடச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஏன் போனாள் என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

ஆடி இருபத்திமூன்று, செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் வார்த்த உறுப்பு எல்லாம் வெடித்துவிட்டது. உள்ளே ஜிங்க். யார் கூடையில் இருந்து போனது என்று முதலாளி கத்துகிறார். என் நோட்டைக் காட்டினேன். எல்லாக் கூடையும் சரி என்று எழுதியிருக்கிறது. "நோட்டு கெடக்கட்டும். மிச்சமிருக்கற அவ கூடையை என் முன்னால சுடு" என்றார். பட்டறையே வந்து நின்றுவிட்டது. அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். மூச்சு என் கழுத்தில் படுகிறது. பத்துத் துண்டு எடுத்தேன். மூன்று மூன்றாக முப்பது சுட்டேன். ஏழு துண்டில் ஜிங்க் காட்டியது. நான் இட்டுக்கட்டவில்லை. கருவி சொன்னதைச் சொன்னேன். "ஏழுல ஜிங்க்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

முதலாளி அவளைப் பார்த்து, "என்ன ராஜாமணி, கூடை சீக்கிரம் எடை ஏறோணும்னு ஜிங்க்கப் போட்டு ரொப்புனியா?" என்றார். ஜிங்க் கனம் அதிகம், அதனால் கேட்டார்.

"சாமி சத்தியமா என் கையில ஜிங்க் வராதுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணா, இன்னொருக்கா சுடுங்கண்ணா."

நான், "பத்து சுட்டாச்சு" என்றேன். பத்துதானே கணக்கு? அழுதுகொண்டு ஒருத்தர் கேட்டால் பதினொன்று, கோபமாகக் கேட்டால் ஒன்பது என்று மாற்ற முடியுமா? இன்னொரு தடவை கேட்டிருந்தால் ஒருவேளை சுட்டிருப்பேன். கேட்கவில்லை. சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கும் இன்றைக்கும் நூற்று நாற்பத்தைந்து நாள். நான் அவளுக்கு என்ன செய்தேன், சொல்லுங்கள். கருவி சொன்னதைத்தானே...

என்ன சொன்னீர்கள்?

அரமா?

அன்றைக்குப் பிடித்த அரத்தைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

அவள் சொன்னாளா? எப்போது சொன்னாள்? அன்றைக்குச் சாயங்காலமேவா?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் அம்மிணி.

போதும்.

அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போல இருக்கிறது. சொல்கிறேன். நீங்கள் அந்தத் தட்டைக் கீழே வைக்காதீர்கள், உரித்துக்கொண்டே கேளுங்கள். என்னைப் பார்த்துக்கொண்டு கேட்டால் எனக்கு வராது.

அலுமினியத்துக்கு என்று எனக்குத் தனி அரம் உண்டு. கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருப்பேன். அதை வேறு எதிலும் போட மாட்டேன். ஜிங்க்கைத் தேய்த்த அரத்தால் அலுமினியத்தைத் தேய்த்தால், பல்லில் ஒட்டியிருக்கிற ஜிங்க் அலுமினியத்தின்மேல் பூசிக்கொள்ளும். நெற்றிக்கு இட்ட விரலை வெள்ளைச் சுவரில் வைத்த மாதிரி. அன்றைக்கு என் அரம் மேசை டிராயரில் இருந்தது. அவள் கூடைப் பக்கத்திலிருந்து எழுந்து நான்கு அடி நடக்க வேண்டும். முதலாளி பொறுக்காமல் பக்கத்து மேசையில் கிடந்த அரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். கார்புரேட்டர் தேய்க்கிற மேசை அது.

அவருக்குத் தெரியாது. அவர் மேல் குற்றம் இல்லை. எனக்குத் தெரியும்.

மூன்றாவது துண்டு தேய்க்கும்போது பல்லைப் பார்த்தேன். பளபளவென்று ஒட்டியிருந்தது. நிறுத்தி, "இது வேண்டாங்க, என் அரம் டிராயர்ல இருக்குது" என்று சொல்ல வேண்டும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நிற்கிற முதலாளியிடம் திரும்பி அதைச் சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குள் நான்காவது துண்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

அந்த ஐந்தைச் சுட்டிருந்தால்கூடப் பூச்சு எரிந்து போயிருக்கும். "எதுக்கு ஒரே எடத்துல சுட்டுட்டே இருக்கற, மூணு போதும்" என்றார். மூன்றுதான் சுட்டேன். ஐந்தைச் சுடவில்லை. ஐந்தைச் சுட்டால்தானே மூக்கைத் துடைப்பேன்?

ஆமாம். அதைத்தான் சொல்ல வருகிறேன். துடைத்தால்தானே அவள் பேசுவாள்?

அப்படியா சொன்னாள்? அரத்தைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்று நின்றாளா? நான் எப்போது துடைப்பேன் என்று பார்த்துக்கொண்டே நின்றாளா? பத்துத் துண்டும்?

எண்ணும்போது பேசாதே என்று நான் சொன்னது நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மிணி. அந்த நேரத்திலுமா அதைக் கேட்பார்கள்? வேலை போகிறது, பேர் போகிறது, அப்போதும் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விடும் என்றா வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள்?

எல்லாம் முடிந்ததும்தான் சொன்னாள். இன்னொருக்கா சுடுங்கண்ணா என்றாள். அவ்வளவு பேருக்கும் முன்னால் அரத்தைச் சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்காமல். நான் அதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொண்டேன். இல்லை. பொய். அவள் பார்த்தது தெரியாது என்றதும் பொய்தான். இத்தனை சொல்லிவிட்டு இதில் பொய் எதற்கு? அவள் என்ன சொல்கிறாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் பத்து சுட்டாச்சு என்றேன்.

அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அந்த அரத்தையே சுட்டுப் பார்த்தேன். இரும்பு காட்டியது, குரோமியம் காட்டியது, ஜிங்க் காட்டியது. பிறகு அந்தப் பத்துத் துண்டையும் என் அரத்தால் தேய்த்து, ஐந்தும் மூன்றுமாகச் சுட்டேன். பத்தும் சுத்தம். ஜிங்க் காட்டாத மூன்றைத் திருப்பிப் பார்த்தேன். அவை புதிதாக உடைந்த துண்டு. உடைப்பு பளிச்சென்று இருந்ததால் அரமே போடவில்லை. அரம் பட்டதெல்லாம் ஜிங்க், படாததெல்லாம் அலுமினியம். இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

அப்புறம் அந்த உறுப்புகள் எதனால் வெடித்தன என்று பார்த்தேன். வெளியில் இருந்து வாங்கி உலையில் போடுகிற அலுமினியப் பாளம் ஒன்று உண்டு. அதை நான் சுடுவதில்லை, சான்றிதழோடு வரும். ஒரு பாளத்தைச் சுட்டேன். ஐந்து, மூன்று. ஜிங்க் நாலரை சதவீதம். உலைக்கு ஜிங்க் வந்த வழி அதுதான். இவள் கூடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேதி, மணி, எத்தனையாவது சுடு, எல்லாம். யாரிடமும் காட்டவில்லை.

மறுநாளே சொல்லியிருக்கலாம். மறுநாள் முதலாளி வெளியூர். அதற்கு மறுநாள் அவரைப் பார்க்க ஆள் வந்திருந்தார்கள். ஒரு வாரம் ஆனதும், ஒரு வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று வந்துவிட்டது. ஒரு மாதம் ஆனதும் ஒரு மாதம் ஏன் என்று. நாள் ஏற ஏற அதைத் தூக்க என்னால் முடியவில்லை. காலையில் போகிறேன். ஐந்து சுடுகிறேன். மூக்கைத் துடைக்கிறேன். ஒரு தடவை துடைத்தால் போதும், நான் நாலு தடவை துடைக்கிறேன். எதிரில் அந்தப் பெண் தலையை ஆட்டிப் பாட்டுக் கேட்கிறது. பிறகு மூன்று சுடுகிறேன். ஒரு நாளைக்கு அறுபது தடவை அம்மிணி.

முதலாளி அவளைத் திரும்பக் கூப்பிட்டாரா என்றா கேட்கிறீர்கள்?

இல்லை. கூப்பிடவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. வேலைக்கு வா என்று நானாகத்தான் சொல்ல வந்தேன். வந்தால் அப்படியே சேர்ந்துவிடலாம், அரத்தைப் பற்றி யாரும் பேசாமலே முடிந்துவிடும் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. உங்களிடம் சொல்லும்போது அப்படி இல்லை.

அவள் வேறு பவுண்டரிக்குப் போகவில்லையா? கை சுத்தமானவள், அந்த ரோட்டில் எத்தனை பவுண்டரி.

ஐந்து இடத்திலா கேட்டாள்? ஐந்து இடத்திலும், ஜிங்க் கலந்தது நீதானே என்றா கேட்டார்கள்?

ஐந்து இடம்.

இப்போது கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவுகிறாளா? முகூர்த்த நாள் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. மார்கழியில் முகூர்த்தம் ஏது? சரி, ஐயப்ப பூஜைச் சாப்பாடு. புரிகிறது. பேச்சு எப்படி இருக்கிறது? அங்கேயும் பேசிக்கொண்டே இருக்கிறாளா?

குறைந்துவிட்டதா?

நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் அம்மிணி. இல்லை, சொன்னது சரிதான். கேட்டது நான்தானே.

மணி என்ன? மூன்று ஐம்பத்திரண்டு. மூன்று ஐம்பத்தைந்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. இங்கிருந்து ஸ்டாப்புக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்களேன். நாச்சியண்ணன் வந்தார், இந்த மாதிரி, அரம் விஷயம் அவருக்குத் தெரியுமாம், வருத்தப்பட்டார் என்று. நீங்கள் சொன்னால் நன்றாகச் சொல்வீர்கள். எனக்கு வராது, பார்த்தீர்களே.

ஏன் நாற்காலியைக் காட்டுகிறீர்கள்?

உட்கார்கிறேன். நான் எழவில்லை, காலை மாற்றிப் போட்டேன்.

அதோ, முனையில் வருவது அவளா? பச்சைச் சேலை. நடை அவள் நடைதான். அவள் நடப்பதை நான் பார்த்ததே குறைவு, உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். நின்றுவிட்டாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

நீங்கள் ஏன் தட்டை எடுக்கிறீர்கள்? உள்ளே போகாதீர்கள் அம்மிணி. நீங்கள் பேசிக்கொள்ளுங்கள் என்று நல்ல மனசில்தான் எழுந்திருக்கிறீர்கள், தெரியும். போகாதீர்கள். அன்றைக்கு ஏழில் ஜிங்க் என்று நான் சொன்னதைப் பதினொரு பேர் கேட்டார்கள். பதினொரு பேர் முன்னால் பறித்த பேரை, யாரும் இல்லாத இடத்தில் அவள் காதில் மட்டும் திருப்பிக் கொடுத்தால் அது கணக்கில்லை. நீங்கள் அந்தப் பதினொன்றில் சேர மாட்டீர்கள், அதுவும் தெரியும். அந்தப் பதினொரு பேரும் நாளைக் காலை எட்டரைக்கு உலைக்கு முன்னால் நிற்பார்கள். முதலாளியும் நிற்பார். அங்கே சொல்ல வேண்டும். ஆனால் இன்றைக்கு ஒருத்தராவது கேட்டுவைத்துக்கொண்டால்தான் நாளைக்கு நான் வாய் திறப்பேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காகவாவது திறப்பேன். அதனால் இருங்கள்.

வருகிறாள்.

வா ராஜாமணி. பூட்டை அப்புறம் திற.